பாதியில் நிற்கும் திரை

கேள்வி: லினக்ஸ் ஓடும் எங்கள் பணிநிலையத்தில் இரண்டு மானிட்டர்கள். அதில் பழைய 30 அங்குல மானிட்டர் 2560×1600 காட்ட வேண்டியது, 1280×800-ஐத் தாண்ட மறுக்கிறது. டிரைவரை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். கிராஃபிக்ஸ் கார்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு கார்டு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த 1280×800 என்ற எண்ணே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி டிவிஐ கேபிள்தான்.

கேபிளைக் கழற்றி முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிகள் ஒன்பது ஒன்பதாக இரு கூட்டமாகப் பிரிந்து, நடுவில் வெற்றிடம் இருந்தால் அது சிங்கிள் லிங்க். நடுவிலும் ஆறு ஊசிகள் சேர்ந்து மொத்தம் 24 இருந்தால் டூயல் லிங்க். சிங்கிள் லிங்க் 165 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். உங்கள் திரைக்கு ஏறத்தாழ 268 வேண்டும். அதனால்தான் மானிட்டர் பாதி அளவுக்கு இறங்கிக்கொள்கிறது.

கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்தால், விலை குறைந்த சாதாரண அடாப்டர் போதாது. டூயல் லிங்க் ஆக்டிவ் அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிளை மாற்றிய பின் டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் 2560×1600 வந்துவிட்டால் வேலை முடிந்தது. அப்போதும் வராவிட்டால் எக்ஸ்.ஆர்க் பதிவுக் கோப்பைத் திறந்து, மானிட்டர் தன்னைப் பற்றி அனுப்பும் இடிஐடி தகவல் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரின் முறை அதற்குப் பிறகுதான்.