முகாமுக்கு வந்த சமுத்திரராஜன்

கேள்வி: ருஷ்ய தேசத்துச் சிறுவர் கோடை முகாம்களில் ஆண்டுக்கொரு நாள் 'நெப்டியூன் தினம்' என்று கொண்டாடி, முகாம் தலைவரையே தண்ணீரில் தள்ளிவிடுகிறார்களாமே! இது ரோமாபுரியின் பழைய பண்டிகையிலிருந்து வந்ததா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ரோமாபுரியில் ஜூலை 23ஆம் தேதி நெப்டியூன் என்னும் கடல் தேவனுக்கு விழா எடுத்ததும் உண்மை, ருஷ்ய முகாம்களில் இந்தத் தினம் பெரும்பாலும் ஜூலைக் கடைசியில் வருவதும் உண்மை, ஆயினும் இவ்விரண்டையும் இணைப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற காரியமே. முகாம் பிள்ளைகளிடம் இந்தத் தேவன் வந்து சேர்ந்தது கோயில் வழியாக அன்று, கப்பல் வழியாக.

நிலநடுக்கோட்டை முதன்முறையாகக் கடக்கும் மாலுமியைப் பழைய மாலுமிகள் சோதித்துத் தம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் சம்பிரதாயம் ஐரோப்பியக் கப்பல்களில் வெகுகாலமாக உண்டு. 1529இல் பிரான்ஸின் தியெப் துறையிலிருந்து சுமத்ராவுக்குச் சென்ற பர்மாந்தியே சகோதரர்களின் கப்பல்களில் அது வழிபாடும் வீரப்பட்டமுமாகச் சாந்தமாகவே நடந்தது. நெப்டியூன் வேடம் பிற்பாடு வந்தது. முரட்டுத்தனமும் கூடவே வந்தது. 1832 பிப்ரவரியில் பீகிள் கப்பலில் பிரயாணம் செய்த இளைஞர் சார்லஸ் டார்வின், தம் கண்ணைக் கட்டிப் பலகையொன்றில் உட்காரவைத்து, முகத்திலும் வாயிலும் கீலையும் வர்ணத்தையும் அப்பி, சவரம் என்ற பெயரில் இரும்பு வளையத் துண்டினால் சுரண்டி, நீர் நிரம்பிய பாய்க்குள் தலைகுப்புறக் கவிழ்த்த கதையை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் பட்ட பாடு இன்னும் மோசமாம். கேப்டனின் சகபிரயாணி என்ற சலுகை அவருக்கு அவ்வளவுக்குத்தான் பயன்பட்டது போலும்!

ருஷ்யக் கப்பல்கள் குருசென்ஷ்டெர்னின் தலைமையில் உலகை வலம்வரப் புறப்பட்டு 1803 நவம்பரில் நிலநடுக்கோட்டைக் கடந்தபோதே ஒரு மாலுமி நெப்டியூனாக வேடமிட்டான். பின்னர் சோவியத் ஆட்சியில் 'பயனியர்' எனப்படும் சிறுவர் இயக்கத்தின் முகாம்கள் பெருகின. கிரிமியாவில் கரடிமலை அடிவாரத்தில் 1925இல் நான்கு கூடாரங்களோடு தொடங்கிய 'ஆர்தெக்' அவற்றுள் பேர்போனது. 1939 முதல் அந்நாட்டில் கடற்படை தினமும் ஜூலையிலேயே கொண்டாடப்பட்டபடியால், அதே காலத்தில் முகாமில் தங்கியிருந்த குழந்தைகளுக்கு மாலுமிகளின் வேடிக்கையொன்று பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை. மாதா கோயில்களை மூடிய அரசாங்கம் ரோமானியத் தேவனொருவனை வருஷந்தோறும் சிம்மாசனத்தில் அமரவிட்டதுதான் விநோதம்.

அந்தத் தேவனும் சாமானியனல்லன். காகிதக் கிரீடமும் சணல்நார்த் தாடியும் தரித்து, வெள்ளித்தாள் சுற்றிய மரத் திரிசூலத்தை ஊன்றிக்கொண்டு, உடம்பெல்லாம் கரி பூசிய குட்டிச் சாத்தான்களும், கூந்தலை விரித்துவிட்ட கடற்கன்னிகளும், ருஷ்ய கிராமியக் கதைகளில் வரும் வோத்யனோய் என்ற நீர்ப்பூதமும் புடைசூழ வந்து, 'என் எல்லைக்குள் இறங்க உங்களுக்கு உத்தரவு கொடுத்தது யார்?' என்று அதட்டுவான். பிள்ளைகள் ஆடிப் பாடி அவனைக் குளிர்வித்த பிறகே குளிக்க அனுமதி கிடைக்கும். மற்ற நாட்களில், 'வோஜாத்தி' எனப்படும் குழுத்தலைவர் விசில் ஊதினால் அரைமனத்தோடு கரையேற வேண்டிய அதே பிள்ளைகள், அன்று சமுத்திரராஜனின் ஆக்ஞையைச் சிரமேற்கொண்டு, அந்த வோஜாத்தியையும் முகாம் தலைவரையும் உடுத்த உடுப்போடு குண்டுக்கட்டாகத் தூக்கி நீரில் போடுவார்கள்.

என் அபிப்பிராயத்தில், கப்பலிலிருந்து வந்த வழக்கம் முற்றிலும் மாறியது இந்த இடத்தில்தான். கப்பலில் அதிகாரமுள்ள பழையவன் நேற்று வந்தவனை நனைத்து மிரட்டினான். முகாமிலோ நனைகிறவர் அதிகாரி. பிள்ளைகளுக்கும் கரிப்பூச்சு உண்டென்றாலும், அவர்கள் காத்திருப்பது அதற்காக அன்று.

சோவியத் அரசு 1991இல் மறைந்தது. நெப்டியூன் தினம் மறையவில்லை. ருஷ்யாவின் முகாம்களில் அது இன்றும் நடக்கிறது: கடல் இல்லாத இடத்தில் ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ, அவையும் இல்லாவிட்டால் வாளித் தண்ணீரைக் கொண்டோ.