உடம்புக்கு ஒரு கணக்கு நோட்டு

பல வீடுகளில் பீரோ மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். வீட்டிலுள்ள எல்லோருடைய லேப் ரிப்போர்ட்டும் அதற்குள்தான். டாக்டரிடம் போகும்போது கடைசியாக எடுத்தது மட்டும் வெளியே வரும். அதில் கிரியாட்டினின் 1.2 என்றிருந்தால், அச்சிட்ட வரம்புக்குள் இருக்கிறதென்று நிம்மதியாகத் திரும்பி வந்துவிடுவோம். நான்கு வருடத்துக்கு முன் அது 0.8 ஆக இருந்த விவரம் பைக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியும்.

ஆகவே முதல் வேலை, ஒரு நீள நோட்டு வாங்குவது. ஆளுக்குச் சில பக்கம் ஒதுக்குங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், எல்டிஎல் கொழுப்பு, ஹீமோகுளோபின், எடை ஆகியவற்றை மட்டும் எடுத்து எழுதுங்கள். எந்த லேப் என்பதையும் குறியுங்கள். லேபுக்கு லேப் கருவி மாறும் என்பதால் முடிந்தவரை ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. இசிஜி தாளை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் அச்சு நாளடைவில் மங்கிப்போகும்.

அடுத்தது, ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் செய்யக்கூடிய சோதனை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005இல் வெளியிட்ட, சுகர் வரும் அபாயத்தைச் சொல்லும் மதிப்பெண் முறை அது. வயது 35க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் 0, 90 முதல் 99 வரை 10, 100 முதல் 20. பெண்களுக்கு இதே மதிப்பெண்கள் 80, 90 என்ற அளவுகளில் தொடங்கும். கடும் உடலுழைப்பு 0, நடுத்தரம் 10, கொஞ்சம் 20, ஒன்றுமே இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் 52 வயதுக்காரர், இடுப்பு 94, அம்மாவுக்குச் சுகர் என்று வையுங்கள்: 30, 10, 30, 10; மொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே ரத்தப் பரிசோதனை அவசியம். டேப்பை வேட்டி கட்டும் இடத்தில் வைக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் வைத்து அளவெடுங்கள்.

இனி பிரஷர். வீட்டில் அதிகம் தப்பாக எடுக்கப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மணிக்கட்டில் கட்டும் கருவியைத் தவிர்த்து, மேல்கையில் சுற்றும் கருவியை வாங்குங்கள். பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும்; பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாதீர்கள். கை, நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். கருவி ஓடும்போது பேச்சு கூடாது. பேசினாலே எண் ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். பிடித்த எண்ணை மட்டும் எழுதும் பழக்கம் உங்களையே ஏமாற்றும்.

இதைக் காலையில் மாத்திரை போடும் முன்பும் மாலையிலும் ஏழு நாள் செய்யுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோட்டுடன் டாக்டரிடம் போங்கள். ஆஸ்பத்திரியில் எடுத்தால் 140/90 என்பது எல்லை. வீட்டு அளவுக்கு எல்லை சற்றுக் குறைவு. எப்போதாவது 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல் ஏதாவது இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

சுகருக்கு வருவோம். ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழ் இருந்தால் நல்லது, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். இடைப்பட்டவர்கள்தான் இந்த நோட்டால் அதிகம் பயன்பெறப் போகிறவர்கள். இதைப்போல எல்லைக்கோட்டில் நின்றவர்களை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நம்மைப் போன்றவர்களிடமே கிடைத்த முடிவு என்பதால் எனக்கு இதன்மேல் பெரிய நம்பிக்கை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் ஹெச்பிஏ1சி தப்பாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினையும் சேர்த்து எழுதச் சொன்னது அதற்காகத்தான். குளுக்கோமீட்டரில் பார்ப்பவர்கள் கையைக் கழுவித் துடைத்த பிறகே விரலில் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய கையில் சுகர் ஏறித்தான் காட்டும்.

சுகரோ பிரஷரோ உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியாட்டினினுடன் சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். கிரியாட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே அது சேதி சொல்லும். சுகர்காரர்களுக்கு விழித்திரைப் பரிசோதனையும் வருடாவருடம் வேண்டும். முப்பது வயது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும், புகையிலை போடுபவர்கள் வாய்ப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கெல்லாம் காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரையும் சுகரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்த எண்களையும் நோட்டில் ஏற்றுங்கள்.

எழுபது எண்பது பரிசோதனை கொண்ட பேக்கேஜ்களை எடுக்கும் முன் யோசியுங்கள். ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அடங்கும்படிதான் பெரும்பாலான வரம்புகளை வைக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனை எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது வரம்பு மீற 64 சதவீத வாய்ப்பு உண்டு. தடித்த எழுத்தில் அச்சான அந்த ஒரு எண் ஸ்கேனுக்கு இழுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். குறிப்பாக, அறிகுறி ஏதும் இல்லாதபோது புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனைகளை நீங்களாக எடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி நீட்டுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: என் எண் எவ்வளவுக்கு வர வேண்டும்? அடுத்து எப்போது பார்க்க வேண்டும்? பதிலை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். எண் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இறக்கி வைத்திருப்பது அந்த மாத்திரையாக இருக்கலாம்.