இளந்தம்பதிகளும் குடும்பக் கட்டுப்பாடும்

வண்ணார்பேட்டையில் புதிதாய் மணமான பெண்ணை அண்டை வீட்டார் முதலில் வினவுவது, "விசேஷம் உண்டா?" என்பதே. நாம் ஆராயப் புகுந்த பொருளின் பெரும்பகுதி இவ்வொரு வினாவில் அடங்கிவிடுகிறது. முதற்குழந்தைக்கு முன் தடைமுறை எதனையும் மேற்கொள்ளல் இளந்தம்பதிகளுக்கு எளிதன்று. மாமியாரின் விருப்பமும் ஊராரின் பேச்சும் வைத்தியர் சொல்லினும் வலியன.

இவற்றிற்கு எதிர்நிற்பது கல்வி. பாளையங்கோட்டையில் 1895-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கெனச் சாராள் டக்கர் கல்லூரி தோன்றிற்று. 1978-இல் பெண்ணின் மணவயது 18 எனச் சட்டமாயிற்று. படிப்பு நீள நீள மணமும் மகப்பேறும் பின்தள்ளுகின்றன. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெண் ஒருவருக்குப் பிள்ளைகள் சராசரி 1.8.

இதுகண்டு மகிழுமுன் அவ்வாய்வின் வேறொரு கணக்கையும் நோக்குக. 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்டிருள் நூற்றுக்குச் சுமார் 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். கணவர் செய்துகொண்டதோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆடவர்க்குரிய சிகிச்சையோ வயிற்றைத் திறக்க வேண்டாத சிறு சிகிச்சை! பிள்ளைப்பேற்றிற்கு இடைவெளி தரும் காப்பர்-டி, மாத்திரை முதலியவற்றைக் கொள்வோர் மிகச் சிலரே.

1930-களில் பெரியார் கர்ப்பத்தடையைப் பெண்ணின் சுதந்திரத்திற்கென்றே வேண்டினார். இன்று அறுவைக்கு ஒப்பமிடுபவள் அவள்தான். நாளைக் குறித்தவர் யார் என்பதை மாணவ நண்பர்கள் தத்தம் இல்லங்களில் விசாரித்து அறியலாம்.