நீரிறைக்கும் யந்திரத்தின் பிளக்: கமக்காரர் தாமே மாற்றும் முறை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணற்றரையில் மிளகாய், கத்தரி, வெண்டி, வெங்காயம் முதலியவற்றைச் செய்கைபண்ணும் கமக்காரருக்கு ஆழமற்ற கிணறும் சிறு நீர்ப்பம்புமே துணையாகும். மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் வரண்ட மாதங்களில் யந்திரம் இரண்டொரு நாள் ஓய்ந்துவிடின், பயிர் வாடிப் பூவும் பிஞ்சும் உதிரும். படுவான்கரையிற் சிறுபோக வேளாண்மை குடலைப் பருவத்தில் இருக்கும்பொழுது வாய்க்காலிலிருந்து நீர் இறைப்போருக்கும் இந்நட்டம் நேரலாம்.

யந்திரம் நின்றுபோவதற்குரிய சாதாரண காரணங்களுள் ஒன்று பிளக் பழுதடைதலாகும். முறையறிந்தோர் இதனை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். முறையறியாது மாற்றின், சிறு செலவோடு முடியவேண்டிய வேலை பெருஞ் செலவாகிவிடும்.

பிளக்கின் தொழில்

பிளக்கின் நடுவிலுள்ள மின்வாய்க்கும் ஓரத்து வளைந்த மின்வாய்க்கும் இடையே மின்பொறி பாய்ந்து, காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைக் கொளுத்துகின்றது. 1902ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பொஷ் தொழிற்சாலையின் பொறியியலாளர் ஹொனோல்ட் என்பார் உயர் அழுத்த மக்னீற்றோவை ஆக்கினார். சுழலும் காந்தத்தால் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் அவ்வகை முறையினாலேயே, கயிறிழுத்து இயக்கும் பம்புகள் பற்றறியின்றிப் பொறி பெறுகின்றன.

பெற்றோலில் ஓடும் யந்திரங்களுக்கும், பெற்றோலில் இயக்கிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் யந்திரங்களுக்கும் பிளக் உண்டு. டீசலில் ஓடும் உழவு யந்திரங்களுக்கு இத்தகைய பிளக் இல்லை.

எப்பொழுது மாற்றவேண்டும்?

சிறு யந்திரங்கள் பலவற்றுக்கு, 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்த்தலும், 300 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிது இடுதலும் விதிக்கப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு 3 மணி நேரம் இறைப்போர் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, 100 நாட்களில் மாற்றவேண்டியவராவர். மண்ணெண்ணெய் பாவிப்போர் இதற்கு முன்னரும் பார்த்தல் நன்று. மண்ணெண்ணெயினாற் கரி விரைவிற் படியும்.

கழற்றும் முறை

1. யந்திரத்தை நிறுத்தி, எரிபொருட் குழாயை மூடி, நன்றாக ஆறவிடுக. சூடாயிருக்கும் அலுமினியத் தலையிலிருந்து பிளக்கைக் கழற்றினால் அதன் புரிகள் அழிந்துவிடக்கூடும்.
2. வயரைப் பிடித்திழாது, மூடியைப் பிடித்துக் கழற்றுக.
3. பிளக்கைச் சுற்றியுள்ள மணலைத் தூரிகையாலோ காற்றாலோ அகற்றுக. மணற்றரைக் கமக்காரர் இதனை ஒருபொழுதும் மறத்தலாகாது. துவாரத்தினுள் விழும் மணல் உருளையையும் பிஸ்டனையும் தேய்த்துவிடும்.
4. பிளக் சாவியை நேராகப் பொருத்தி இடப்பக்கமாகத் திருகுக. இறுகியிருப்பின், அடியிற் சில துளி மண்ணெண்ணெய் விட்டுச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முயல்க.
5. திறந்த துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடிவைக்க.

பழைய பிளக் கூறும் செய்தி

கழற்றிய பிளக்கை உடனே எறிந்துவிடாது, அதன் நுனியை நோக்குக.

இளங் கபிலம் அல்லது சாம்பல் நிறமாயின், யந்திரம் நல்ல நிலையிலுள்ளது.

உலர்ந்த கரி படிந்திருப்பின், எரிபொருள் மிகையாகவோ காற்றுக் குறைவாகவோ செல்கின்றது. காற்று வடியைக் கழுவுக. சோக் முற்றாகத் திறக்கின்றதா எனவும் பார்க்க.

எண்ணெய்ப் பசையோடு கறுத்திருப்பின், மசகெண்ணெய் உருளையினுட் புகுகின்றது. எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. மட்டம் சரியாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

வெளுத்துக் கொப்புளித்திருப்பின், யந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகின்றது.

இக்குறைகளை நீக்காது புதிய பிளக் இடுவதாற் பயனில்லை. அதுவும் விரைவிற் பழுதாகும்.

புதிய பிளக்கைத் தெரிதல்

யந்திரக் கைந்நூலிற் கூறிய இலக்கமுடைய பிளக்கையே வாங்குக. என்.ஜீ.கே. பிளக்குகளில் இலக்கம் கூடக்கூட வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் வகையாகும். பொஷ் பிளக்குகளில் இது நேர்மாறானது. எனவே ஒரு கம்பனியின் இலக்கத்தைக் கொண்டு மற்றொரு கம்பனியின் பிளக்கை ஊகித்து வாங்குதல் கூடாது.

மின்வாய்களுக்கு இடையிலுள்ள வெளி, சிறு நீர்ப்பம்புகள் பலவற்றில் 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். இதனைத் தகட்டளவியால் அளந்து, வேண்டின் ஓரத்து மின்வாயை மட்டும் மெதுவாக வளைக்க. நடு மின்வாயையும் வெண்பீங்கானையும் நெருக்குதலாகாது.

பொருத்தும் முறை

முதலிற் சாவியை உபயோகியாது, விரல்களாலேயே இறுதிவரை திருகுக. இடையிற் தடைப்படின் புரி மாறியுள்ளது என அறிந்து, கழற்றி மீண்டும் தொடங்குக. அடிவளையம் தலையிற் படிந்தபின், புதிய பிளக்காயின் சாவியால் அரைச்சுற்றும், முன் பாவித்ததாயின் எட்டிலொரு பங்கு முதல் காற்சுற்று வரையும் இறுக்குதல் போதும். பலங்கொண்டு இறுக்குவதால் அலுமினியப் புரி கிழியும்; அதனைத் திருத்தும் செலவு பிளக்கின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். தளர்வாக விட்டாலோ வாயு கசிந்து பிளக் சூடேறும்.

பொறி பாய்கின்றதா எனப் பார்ப்பதற்காகத் திறந்த துவாரத்தின் அருகே பிளக்கைப் பிடித்து யந்திரத்தைச் சுழற்றுதல் ஆபத்தானது. வெளியேறும் பெற்றோல் ஆவி தீப்பற்றலாம்.

மண்ணெண்ணெய் பாவிப்போருக்கு

யந்திரம் நன்கு சூடாகும்வரை மண்ணெண்ணெய்க்கு மாற்றாதிருத்தல் வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களின் முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுக. இதனால் மறுநாள் யந்திரம் இலகுவாக இயங்கும், பிளக்கும் நனையாது.

பிக்அப் வைத்திருப்போருக்கு

மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றும் பெற்றோல் பிக்அப்புக்கும் இம்முறை பொருந்தும். அதில் வழக்கமாக நான்கு பிளக்குகள் இருக்கும். ஒன்றைக் கழற்றிப் புதிதைப் பொருத்தி, அதன் வயரையும் மாட்டியபின்னரே அடுத்ததைக் கழற்றுக. வயர்கள் மாறின் யந்திரம் சீராக இயங்காது. இரிடியம் பிளக்குகளை அராவுதல் கூடாது.

நினைவிற் கொள்க

ஆறிய யந்திரம், மணலற்ற துவாரம், சரியான இலக்கம், விரலால் தொடங்கும் திருகல் ஆகிய நான்கையும் கைக்கொள்வோருக்கு இவ்வேலையில் இடர் இல்லை. இடைவெளி அளந்த பிளக் ஒன்றையும் சாவியையும் பம்போடு எப்பொழுதும் வைத்திருக்க. மாற்றிய திகதியைக் குறிப்பேட்டில் எழுதுக. புதிய பிளக் இட்ட பின்னரும் யந்திரம் இயங்காவிடின், கயிற்றை வீணே இழுத்துக் காலங்கழிக்காது, பயிர் வாடுமுன் பயின்ற திருத்துநரிடம் யந்திரத்தைக் காட்டுக.