லைன் அரேயில் கோணம் வைக்கும் முறை

ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளான லைன் அரேயின் ஒலி முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே மாதிரி போய்ச் சேருமா என்பது, பெட்டிகளுக்கு இடையே வைக்கும் கோணத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதைத் தவறவிட்டால் மிக்சரில் ஈக்வலைசரை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

முதலில் அரே தொங்கும் இடத்திலிருந்து முதல் வரிசை, கடைசி வரிசை தூரங்களை லேசர் மீட்டரால் அளக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். சமதளத் திடலில் 8 பெட்டிகள் தொங்குவதாகக் கொள்ளலாம். மேல்பெட்டி 8 மீட்டர் உயரத்தில் இருந்து, கடைசி வரிசை 60 மீட்டரில் இருந்தால், அப்பெட்டி ஆறரை டிகிரி கீழ்நோக்க வேண்டும். அடிப்பெட்டி 5.7 மீட்டர் உயரத்திலும் முதல் வரிசை 6 மீட்டரிலும் இருந்தால் அதற்கு 36.5 டிகிரிக்குச் சற்றே கூடுதல் தேவை. இடையிலுள்ள 30 டிகிரியை 7 இணைப்புகளுக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. தூரத்துக்குப் பல பெட்டிகள் சேர்ந்து தள்ள வேண்டும். அருகில் ஒன்றே போதும். ஆகவே மேலிருந்து 1, 1, 2, 4, 6, 8, 8 என விரியலாம். பெட்டியின் மாடலைப் பொறுத்து இது மாறும். ஈஸ் ஃபோகஸ் போன்ற இலவச மென்பொருளில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கோணத்தைப் பூட்டும் பின்களை மாட்டி, அரேயை ஏற்றியதும் மேல்பெட்டியின் சாய்வைக் கோணமானியால் உறுதிசெய்ய வேண்டும். அரே தொங்கும் டிரஸ் ஒரு டிகிரி சாய்ந்தாலே 60 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் குறி தவறும்.

அடுத்து ஒரு பக்க அரேயை மட்டும் இயக்கி, பிங்க் நாய்ஸ் ஓடவிட்டு, அரே நோக்கும் நேர்கோட்டில் முன், நடு, பின் என மூன்று இடங்களில் காதுயரத்தில் மைக் வைத்து அளக்க வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து ஒலித்தால் அலைகள் ஒன்றையொன்று வெட்டி அளவைக் குழப்பும். 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை வேறுபாடு 6 டெசிபலைத் தாண்டினால் அரேயை இறக்கிக் கோணத்தை மாற்றுவதே சரி: பின்வரிசை மெலிந்தால் மேல்கோணங்களை இறுக்கவும், முன்வரிசை உறுத்தினால் கீழ்க்கோணங்களை விரிக்கவும் வேண்டும். கீழ்ப்பெட்டிகளின் ஆம்பை மட்டும் குறைத்தால் அலைமுகம் கலைந்துவிடும்.

கோணம் சரியான பிறகே ஈக்வலைசர். தூரத்தில் காற்று உச்ச ஒலிகளை விழுங்குவதால், தனி ஆம்ப் சேனல் இருந்தால் மேல்பெட்டிகளில் மட்டும் அவற்றைக் கொஞ்சம் உயர்த்தலாம்.

இரு பக்க அரேக்களுக்கும் இடையில் விடுபடும் முதல் வரிசையின் நடு இருக்கைகளுக்கு மேடை விளிம்பில் ஃப்ரன்ட் ஃபில் எனும் சிறு ஒலிபெருக்கி வேண்டும். அந்த இருக்கை அரேயிலிருந்து 9 மீட்டரிலும் ஃபில்லிலிருந்து 2 மீட்டரிலும் இருந்தால், மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட் வீதம் ஃபில்லுக்குச் சுமார் 20 மில்லிசெகண்ட் டிலே கொடுக்க வேண்டும்.