ரிப்போர்ட்டில் 'ஹெச்' என்றால் நோயா?

செல்போனுக்கு வந்த லேப் ரிப்போர்ட்டில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹெச்' இருக்கிறதா? அளவு கூடுதல் என்பதே அதன் பொருள். பதறாதீங்க. 'இயல்பு அளவு' பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேரை வைத்துக் கணக்கிடப்படுவது. மீதி 5 பேர் நோயில்லாமலேயே அதற்கு வெளியே இருப்பார்கள்.

சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி அப்படியல்ல. நோயைக் கண்டறியவே வகுத்த அளவு அது. சுமார் 3 மாதச் சராசரியைக் காட்டும்.

• 5.7 சதவீதத்துக்குக் கீழ்: இயல்பு
• 5.7 முதல் 6.4 வரை: எச்சரிக்கை
• 6.5-ம் அதற்கு மேலும்: சர்க்கரை நோய் (டாக்டர் உறுதிசெய்ய வேண்டும்)

ரத்தசோகை இருந்தால் இந்த எண் மாறலாம், டாக்டரிடம் சொல்லுங்க.

மாத்திரை சாப்பிடுபவருக்கு எண் இறங்கியிருந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். 'நார்மல் ஆயிடுச்சு'ன்னு நீங்களாகவே நிறுத்திடாதீங்க. சந்தேகமா? 104-ஐ அழையுங்கள்.