சுளகுக்கு விளிம்பு, சவ்வுக்குப் புரதம்



சாரல் காலத்தில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் ஐந்தருவியில் ஓடியாடிக் குளித்த பையன், பொழுது சாய்ந்து தென்காசி பஸ்ஸுக்கு நடக்கும்போது படி தெரியாமல் தடுக்குகிறான். அண்ணன் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறான். "கவனமில்லாத பிள்ளை" என்று அதட்டுகிறோம். ஒருவேளை அவனுக்கு மாலைக்கண் இருக்கலாம். அதன் காரணத்தை அறிய, கண்ணிலுள்ள ஒரு செல்லுக்குள் போய்ப் பார்ப்போம்.

சவ்வுக்கு உருவம் தருவது எது?

செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்புகள் பலவற்றை மெல்லிய கொழுப்புச் சவ்வு மூடியிருக்கிறது. அது எண்ணெய்ப் படலம்போல நெகிழ்வானது. அதைக் குழாயாகவும் மடிப்பாகவும் தட்டாகவும் ஆக்கி நிறுத்துபவை புரதங்கள். சில புரதங்கள் ஆப்புபோலச் சவ்வுக்குள் செருகி அதை வளைக்கின்றன. சில புரதங்கள் வளைந்த அச்சுபோல மேலே படிந்து, தங்கள் வளைவைச் சவ்வுக்குக் கொடுக்கின்றன.

நம் விழித்திரையில், மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்று ஏறத்தாழ 10 கோடி குச்சிச் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் 1,000 சவ்வுத் தட்டுகள் அப்பளக் கட்டுபோல அடுக்கப்பட்டுள்ளன. ஒளியைப் பிடிக்கும் ரொடாப்சின் இந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது. தினமும் பத்தில் ஒரு பங்கு தட்டுகள் நுனியில் கழிந்து, அடியில் புதியவை உண்டாகின்றன.

தட்டின் நடுப்பகுதி சமமானது. ஓரமோ கூர்மையாக வளைய வேண்டும். சுளகு முடைபவர் விளிம்பு கட்டாமல் விட்டால் சுளகு பிரிந்துபோகும் அல்லவா? இங்கே விளிம்பு கட்டுவது பெரிஃபெரின் என்ற புரதம். அதன் வடிவத்தை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம் என்று காட்டும் வரைபடத்தை 1963-ல் உலகுக்கு அளித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். புதிதாகக் கண்டறியும் புரத வடிவங்களை இன்றும் அதைக்கொண்டு சரிபார்க்கிறார்கள்.

பெரிஃபெரின் அறவே இல்லாத எலிகளின் கண்ணில் இந்தத் தட்டுகள் உருவாவதே இல்லை. மனிதரில் இதன் ஜீனில் ஏற்படும் பிழை ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயை உண்டாக்கலாம் என்று 1991-ல் தெரியவந்தது. முதலில் இரவுப் பார்வை குறையும். பின்பு பார்வைப் பரப்பு சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இதற்கு வேறு பல ஜீன்களும் காரணமாகலாம்.

இரண்டு மாலைக்கண்கள்

வைட்டமின் ஏ குறைவாலும் மாலைக்கண் வரும். அப்போது குறைவது தட்டு அல்ல, ரொடாப்சின். இதைக் குணப்படுத்தலாம். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை உதவும். 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்தும் கொடுக்கிறார்கள். தாமதித்தால் கருவிழியே கெட்டுவிடலாம்.

பரம்பரை வகைக்குப் பெரும்பாலும் இன்னும் குணம் தரும் மருந்து இல்லை. ஒரேயொரு ஜீனின் பிழைக்கு மட்டும் 2017-ல் அமெரிக்காவில் ஜீன் சிகிச்சை அனுமதிக்கப்பட்டது. அது பெரிஃபெரினுக்கு உரியதல்ல. ஆனாலும் நோயை முன்பே அறிந்தால் படிப்பையும் தொழிலையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். பார்வைக்கு உதவும் கருவிகள் உண்டு. உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கலாம். பெரிஃபெரின் பிழையில் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. வேறு சில வகைகள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அதிகம் வருகின்றன. ஆகவே மணம் பேசுமுன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

ஒன்றை மறக்கவேண்டாம். இது செய்வினையும் அல்ல, கிரகண நேரத்தில் தாய் செய்த தவறும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தட்டின் விளிம்பு சரியாக வளையவில்லை, அவ்வளவுதான். இருட்டில் தடுக்கும் பிள்ளையை அதட்டாமல், கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.